ஊசியில் ஏறிய தண்ணீர்

மார்ச் 3

குருவிக்கு,

நலம் விசாரிக்கிற வரியை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். கடையில் மதிய இடைவேளை முடிவதற்குள் இதை எழுதி உறையில் போட்டாக வேண்டும். இந்தக் காலத்தில் யார் அண்ணி கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். வீட்டில் நான் ஃபோனைக் கையில் எடுத்தால் உன் அண்ணன் எந்த மூலையில் இருந்தாலும் வந்து நிற்கிறார். "யாரு? டாக்டரா? என்னவாம்?" மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினால் எடுத்துப் பார்க்கிறார். ஒளிக்க என்னிடம் ஒன்றும் இல்லை என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் பார்க்கிறார். அதனால் பதிலைக் கடை முகவரிக்கே போடு. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிற தபாலை யாரும் சீண்டமாட்டார்கள்.

போன வாரம் எனக்கு மறுபடியும் ஒரு கட்டி. இது மூன்றாவது. இடது மார்பில், திராட்சை அளவுக்கு. டாக்டரம்மா ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்துக்கொண்டே ஊசியைக் குத்தி உறிஞ்சினார். பழைய எண்ணெய் நிறத்தில் என்னவோ ஏறியது. கட்டி இருந்த இடமே தெரியவில்லை. "வெறும் தண்ணிதாம்மா. நீர்க்கட்டி. உங்க வயசுல நெறைய பேருக்கு வரும். போய் வேலையப் பாருங்க" என்றார். போன இரண்டு முறையும் அதைத் தொட்டியில் கொட்டிவிட்டார்கள். இந்த முறை ஆராய்ச்சிக்கு அனுப்பலாமா என்று கேட்டார்கள். கையெழுத்துப் போட்டேன். நர்ஸ் குப்பியில் ஊற்றி மூடியபோது அனுப்பும் இடத்தைப் படித்தேன். உன் ஆய்வு நிலையம்! "ஐயோ, எங்க நாத்தனார் அங்கதான் வேலை பாக்கறா" என்றேன். நர்ஸும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு விட்டிருக்கலாம். வீட்டுக்குப் போய் உன் அண்ணனிடமும் சொன்னேன் பார், அங்கேதான் வம்பை விலைக்கு வாங்கினேன்.

நீர்க்கட்டித் தண்ணீரில் ஏதோ ஒன்றை அளந்தால் கேன்சர் வருமா வராதா என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என ஏதோ செய்தித்தாளில் வந்ததாம். வெட்டி வைத்திருக்கிறார். "அவகிட்ட கேளு. உன் நம்பர் என்னன்னு கேளு" என்கிறார். "உங்க தங்கச்சிதானே, நீங்களே கேளுங்களேன்" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தை மார்பில் கேன்சர் வந்து படுக்கையில் கிடந்தபோது அவர் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஓடினார், நீ அத்தை காதுபட "இனிமே ஓடிப் பிரயோஜனம் இல்லண்ணா" என்று சொல்லிவிட்டாய். ஆறு வருஷமாகியும் அது அவருக்குச் செரிக்கவில்லை. நீ சொன்னது நிஜமாகிப் போனதுதான் இன்னும் கோபம்.

இப்போது அந்த ஓட்டத்தையெல்லாம் என்னை வைத்து ஓடுகிறார். காலையில் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நிற்கிறார். "பாத்தியா? ரெண்டு பக்கமும் பாத்தியா? அக்குள்ல?" ஹாலில் மாமா பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு இரண்டு காதும் போனவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். பாவம், பல நாள் பேப்பர் தலைகீழாக இருக்கிறது. எனக்குச் சொந்தமாக ஒரு கதவுகூட இல்லாமல் போய்விட்டது குருவி.

புதிதாக ஒன்று சொல்கிறார். இரண்டையும் எடுத்துவிட்டால் கவலையே இல்லையாம். ஒழுகுகிற குழாயை மாற்றுகிற மாதிரி சொல்கிறார். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் அவர் கண்ணைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு நீங்கள் என்னதான் செய்கிறீர்கள்? அது நிஜமாகவே ஏதாவது சொல்லுமா?

அண்ணி


மார்ச் 14

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் போன வாரம் வந்தது. இரண்டு முறை படித்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். மற்றதை எழுத ஆரம்பித்தால் கோபம் வருகிறது.

எங்களிடம் வருகிற குப்பிகளில் பெயர் கிடையாது. எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்ற விவரம் வேறொரு கட்டடத்தில் இருக்கிறது. நான் கேட்டாலும் தரமாட்டார்கள், கேட்கவும் கூடாது. உங்கள் தண்ணீர் எங்கள் உறைபெட்டியில் இந்நேரம் கல்லாக உறைந்திருக்கும். நான் அதைக் கையில் எடுத்திருக்கலாம். எனக்குத் தெரியாது.

சரி, தெரிந்தால் சொல்ல முடியுமா? அதுவும் முடியாது. நாங்கள் அளப்பது சைட்டோகைன் என்கிற சின்னச் சின்னப் புரதங்களை. நோயை எதிர்க்கிற செல்கள் ஒன்றையொன்று கூப்பிட அவற்றைத்தான் அனுப்பும். எங்கேயாவது புண், எங்கேயாவது வீக்கம் என்றால் "இங்கே வா" என்று கூப்பாடு போடும். நீர்க்கட்டிக்குள் அந்தக் கூப்பாடு எவ்வளவு சத்தமாக இருக்கிறது என்று பார்க்கிறோம். நீர்க்கட்டியிலும் வகை உண்டு. உள்ளே பொட்டாசியம் அதிகமா சோடியம் அதிகமா என்று பார்த்துப் பிரிப்போம். ஒரு வகையில் சில சத்தங்கள் கூடுதல், இன்னொன்றில் வேறு சத்தங்கள். அப்படிச் சத்தம் கூடிய கட்டி உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் அதிகம் வருகிறதா என்பதுதான் கேள்வி. பதில் இன்னும் வரவில்லை. வந்துவிட்டதாக எழுதியவர் செய்தித்தாளில் இடம் நிரப்ப எழுதியிருக்கிறார்.

பக்கத்து வீட்டில் பெரிய இரைச்சல் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தீப்பிடித்ததாலும் இருக்கலாம், கல்யாணப் பேச்சு நடப்பதாலும் இருக்கலாம். நாங்கள் சுவரில் காதை வைத்து எத்தனை பேர் கத்துகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவ்வளவுதான் எங்கள் விஞ்ஞானம், இன்றைய தேதிக்கு. ஆயிரம் பெண்களைச் சேர்த்து வைத்து ஏதோ சொல்லலாம். ஒருத்தியைப் பார்த்து "உனக்கு வரும்" என்று சொல்ல அந்த எண்ணுக்கு யோக்கியதை கிடையாது.

சாதாரண நீர்க்கட்டிக்காக யாரும் மார்பை எடுப்பதில்லை. உங்கள் டாக்டரம்மா சொன்னதுதான் சரி. அண்ணனிடம் நான் பேசமாட்டேன். நான் வாயைத் திறந்தால் அவருக்கு அம்மாவின் கட்டில்தான் தெரியும். நீங்களே சொல்லிவிடுங்கள்.

இதையெல்லாம் தெரிந்து வைத்திருப்பதால் எனக்கும் ஒன்றும்... அடித்துவிட்டேன், படிக்க வேண்டாம்.

குருவி


மார்ச் 29

குருவிக்கு,

அடித்தாலும் படிக்க முடிகிறது. லென்ஸில் தலைமுடி அளவுக் கீறலைக் கண்டுபிடிக்கிறவளிடம் ஒரு கோடு போட்டு மறைக்கப் பார்க்கிறாயே! "எனக்கும் ஒன்றும்" என்றால் என்ன? ஒன்றும் என்ன?

நீ எழுதியதை மனப்பாடம் செய்து உன் அண்ணனிடம் ஒப்பித்தேன். தீ, கல்யாணம், சுவரில் காது, எல்லாம். பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும், "தெரியாதுன்னுதானே சொல்றா? அப்ப வராதுன்னும் அவளால சொல்ல முடியாதுல்ல?" என்றார். ஒரு வகையில் சரிதானே. இந்த வீட்டில் "தெரியாது" என்ற சொல்லுக்கு "கண்டிப்பாக வரும்" என்று அர்த்தம்.

எங்கள் டாக்டரம்மா ஒத்துக்கொள்ளமாட்டார் என்று தெரிந்து வேறொரு டாக்டரைப் பிடித்திருக்கிறார். பளபளவென்று தரை, பேசவே பயமாயிருக்கும்படி அமைதி. அந்த டாக்டர் என்னைப் பார்த்ததைவிட உன் அண்ணனைப் பார்த்ததுதான் அதிகம். "இப்படி வந்துகிட்டே இருந்தா மனசுதான் கெடும். உங்க நிம்மதிக்காக எடுத்துடலாம், செயற்கையா வெச்சும் தரலாம்" என்றார். யாருடைய நிம்மதிக்கு என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் உன் அண்ணன், "எப்ப பண்ணலாம் டாக்டர்?" என்றுவிட்டார். மே மாதம் பன்னிரண்டாம் தேதி. நான் சட்டைப் பட்டனைப் போட்டு முடிப்பதற்குள் என் உடம்புக்கு ஒரு தேதி குறித்துவிட்டார்கள்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்பாய். சொன்னேன். காரில் வரும்போது சொன்னேன். வண்டியை ஓரமாக நிறுத்தி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். "நீயும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்" என்கிறார். அடித்து உதைக்கிற புருஷன் என்றால் நான்கு பேரிடம் சொல்லலாம். அழுகிறவரை என்ன செய்வது? யாரிடம் போய், என் புருஷன் என்மேல் உயிரையே வைத்திருக்கிறார், காப்பாற்றுங்கள் என்று சொல்வது?

முந்தாநாள் பாப்பா கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு தன் நெஞ்சை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயது. "என்னடி பண்ற?" என்றேன். "அப்பா உன்னைப் பாக்கச் சொல்றாருல்ல, அதான். எனக்கும் வருமாம்மா?" என்றாள்.

உன் கடிதத்துக்குத்தான் காத்திருக்கிறேன். அடித்ததைத் திரும்ப எழுது.

அண்ணி


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணிக்கு,

அடித்ததில் ஒன்றும் இல்லை. வேலைப் பளுவில் கை எதையோ எழுதிவிட்டது.

பாப்பாவிடம் சொல்லுங்கள், அவள் வயதில் அங்கே வலிப்பதும் வீங்குவதும் வளர்ச்சி. வேறொன்றும் இல்லை. அண்ணனைக் கதவுப் பக்கம் வரவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

அந்த டாக்டர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. மறுபடி எழுதுகிறேன்: வேண்டாம். எழுதுகிறேனே தவிர, இங்கே உட்கார்ந்துகொண்டு நான் எழுதுவதில் என்ன இருக்கிறது என்றும் தோன்றுகிறது. என் அறை ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். கையை நீட்டினால் தொடலாம். காலையில் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகிறேன், வந்து அதையே பார்க்கிறேன். நடுவில் ஊர்ப் பெண்களின் தண்ணீர்.

வெள்ளிக்கிழமை எங்கள் இடத்தில் ஒரு கூத்து நடந்தது. உங்களைச் சிரிக்க வைக்கச் சொல்கிறேன். புதிதாக ஒரு சின்ன ஸ்கேன் கருவி வந்திருக்கிறது. அதை இயக்கப் பழகுகிற பெண்ணுக்கு ஆள் வேண்டும். திரைச்சீலையைக் கட்டி எங்கள் பகுதிப் பெண்கள் ஒவ்வொருவராகப் போய்ப் படுத்தார்கள். ஒரே சிரிப்பு. கூட்டிப் பெருக்குகிற அக்காவையும் விடவில்லை. கணக்குப் பார்க்கிற அம்மாளுக்கு ஒரு குட்டி நீர்க்கட்டி இருந்தது. "சாம்பிள் வீட்டிலேயே இருக்கு, நாம ஊர் ஊரா அலையறோம்" என்று எல்லோரும் கைதட்டினார்கள். அந்த அம்மாளும் சேர்ந்து தட்டினார்கள். நான் பின்னறையில் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் வரப்போகிற குப்பிகளுக்கு அது சுத்தமாக இருக்க வேண்டுமே.

புரொபசர் இந்த வருட முடிவுகளைக் கூட்டத்தில் காட்டினார். வரைபடம் முழுக்கப் புள்ளிகள், மழைக்கு முன் பூச்சிகள் பறக்கிற மாதிரி. "நம்பிக்கை தரும் போக்கு" என்று பெயர் வைத்தார். எங்களுக்கு நிதி தருகிறவர்களுக்கு அந்தப் பெயர் பிடிக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குருவி


ஏப்ரல் 20

குருவி,

எல்லோரும் போய்ப் படுத்தார்கள். கூட்டிப் பெருக்குகிற அக்காகூட. நீ மட்டும் எதற்கு இயந்திரத்தைத் துடைக்கப் போனாய்?

கடையில் இதைப் படித்தபோது என் கையில் ஒரு பெரியவரின் கண்ணாடி இருந்தது. ஃபிரேமில் லென்ஸை அழுத்திப் பொருத்திக்கொண்டிருந்தேன். லென்ஸ் விளிம்பில் விரிசல் விட்டது. முதலாளி ஏதோ கத்தினார், காதில் விழவில்லை. நான் எவ்வளவு மக்கு என்று அப்போதுதான் புரிந்தது.

அத்தை எனக்கு மாமியார். உனக்கு அம்மா. அத்தைக்கு வந்தபோது வயது ஐம்பதுகூட இல்லை. அந்த ரத்தம் எனக்குள் ஒரு சொட்டுக்கூட இல்லை. உனக்குள் ஓடுகிறது. உன் அண்ணனுக்குள் ஓடுகிறது. பாப்பாவுக்குள் ஓடுகிறது. இவ்வளவு படித்த நீ இதை எனக்கு ஒரு வரி எழுதவில்லை. உன் அண்ணனும் ஒரு நாள்கூட உன் பெயரை எடுக்கவில்லை. அவருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரியும். உன்னை நினைத்தால் பயம் தாங்கவில்லை. உன்னிடம் பேச வாயும் இல்லை. பக்கத்தில் கிடைத்தவள் நான். என்மேல் கொட்டுகிறார். ஆறு வருஷமாக நீங்கள் இருவரும் பேசாமல் இருப்பதற்கு என் உடம்பில் கத்தி வைக்கப்போகிறார்கள்.

கோபமாகத்தான் எழுதுகிறேன். கோபம் இல்லாவிட்டால் எழுதவே வராது.

கேள். உனக்கு என்னவோ இருக்கிறது. இருக்கிறது என்று நீயே நினைத்துக்கொண்டாவது இருக்கிறாய். நீ போய் ஸ்கேன் எடு. எடுத்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது. அன்றைக்கே நான் அந்த டாக்டருக்கு ஃபோன் செய்து, வரமாட்டேன் போய்யா என்று சொல்லிவிடுகிறேன். நீ எடுக்கவில்லையென்றால் பன்னிரண்டாம் தேதி நான் போய் அந்தப் படுக்கையில் படுத்துவிடுவேன். உன் அண்ணன் தலைமேல் சத்தியமாகப் படுப்பேன். அழுகிறவரை எதிர்த்துச் சொல்லிச் சொல்லி எனக்குத் தெம்பு தீர்ந்துவிட்டது. ஒரு நாளாவது குளியலறையில் நிம்மதியாக நிற்கலாம் என்றால் எடுத்துப் போகட்டும் என்று நினைக்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

உனக்காக வேண்டாமென்றால் பாப்பாவுக்காகப் போ. நாளைக்கு அவளை ஒரு டாக்டர், "உங்க அத்தைக்கு எப்படி?" என்று கேட்டால் நான் என்ன சொல்லட்டும்? அத்தை ஊர்த் தண்ணியெல்லாம் அளந்தாள், தன்னை மட்டும் தொட்டுப் பார்க்கவில்லை என்றா?

அண்ணி


மே 2

அண்ணிக்கு,

மிரட்டுகிறீர்கள். உங்களுக்கு அது பொருந்தவே இல்லை. முதல் மூன்று நாள் பதில் போடுவதில்லை என்றே இருந்தேன்.

வலது பக்கம். மேலே, அக்குளை ஒட்டி. போன மழைக்காலத்தில் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தபோது கை தானாக அங்கே போனது. ஏன் போனது என்று தெரியாது. பட்டாணி மாதிரி. இப்போது பட்டாணி மாதிரி இல்லை.

நீர்க்கட்டி என்று சொல்லிக்கொண்டேன். நான் சொன்னால் நான் நம்ப மாட்டேனா? இத்தனை வருஷம் பார்த்திருக்கிறேனே, வயதும் சரிதான், எல்லாம் சரிதான் என்று எனக்கு நானே வக்கீல் மாதிரி வாதாடினேன். மாதாமாதம் வீங்கி வடிகிறதா என்று காத்திருந்தேன். வடியவில்லை. அழுத்தினால் நழுவுகிறதா என்று பார்த்தேன். அது நின்ற இடத்திலேயே நின்றது. எந்தெந்தக் கேள்விக்கு எந்தெந்தப் பதில் கெட்டது என்று எனக்குத் தெரியும் அண்ணி. அதுதான் என் கஷ்டம். தெரியாதவர்களுக்கு ஒரு டாக்டர் முகத்தைப் பார்க்கும்வரை நேரம் இருக்கிறது. எனக்கு அந்த நேரம்கூட இல்லை.

இதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் மதியம் எல்லோரும் சாப்பிடக் கீழே போனபோது பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். ஊசி, குழல், பஞ்சு எல்லாம் அங்கே அலமாரி நிறைய இருக்கிறது. நானே குத்தி இழுத்துப் பார்த்துவிடலாம் என்று. தண்ணீர் வந்தால் முடிந்தது கதை. மேசையில் எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். சட்டையை விலக்கினேன். ஊசி முனை தோலில் பட்டுக் குளிர்ந்தது. அப்போதுதான், தண்ணீர் வராவிட்டால் என்று தோன்றியது. தண்ணீர் வராமல் குழல் காலியாகவே நின்றால், அந்தக் குழலைக் கையில் வைத்துக்கொண்டு நான் யாரைக் கூப்பிடுவேன்? இங்கே எனக்கு யார் இருக்கிறார்கள்? எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டுக் கீழே போய்ச் சாப்பிட்டேன். புரொபசர் ஏதோ ஜோக் சொன்னார். எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன்.

ஸ்கேன் எடுக்கவில்லை. எடுத்தேன் என்று பொய் எழுதி உங்களைக் காப்பாற்றலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். உங்கள் கண்ணுக்குக் கீறல் தெரிந்துவிடும்.

அண்ணனிடம் சொல்லிவிடாதீர்கள்.

குருவி


மே 7

குருவி,

சொல்லிவிட்டேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்குகிறேன். இந்தக் கடிதம் எனக்கு ஒரு நாள் முன்னாலேயே வந்து சேரும் என்று தபால்காரர் சத்தியம் செய்திருக்கிறார். ஃபோனில் சொன்னால் நீ வரவேண்டாம் என்பாய், அதனால்தான் தாளில்.

நேற்றுக் காலை வழக்கம்போல வெளியே நின்று, "பாத்தியா?" என்றார். துண்டைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டேன். ஹாலில் மாமா பேப்பரைக் கீழே போட்டுவிட்டு எழுந்தே போய்விட்டார். "என்னைப் பாத்தது போதும். உங்க தங்கச்சிக்குக் கட்டி இருக்கு. மழைக்காலத்துலேர்ந்து இருக்கு. உங்ககிட்ட சொல்லப் பயந்துகிட்டு யார்கிட்டயும் காட்டாம வெச்சிருக்கா" என்றேன்.

என்ன செய்வாரோ என்று பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டே மெல்லத் தரையில் உட்கார்ந்தார். "எந்தப் பக்கம்?" என்றார். வலது பக்கம் என்றேன். "அம்மாவுக்கும் வலதுதான்" என்றார். நான் உடைமாற்றி, பாப்பாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வந்து பார்த்தால் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

அந்தப் பளபளப்பு ஆஸ்பத்திரிக்கு நானே ஃபோன் செய்து, பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன் வேண்டாம் என்றேன். "பேஷண்ட் வரலியாம்மா? நீங்க யாரு பேசறது?" என்றாள் ஒரு பெண். "பேஷண்ட்தான் பேசறேன்" என்றேன். நீ எடுத்தால்தான் நான் மறுப்பேன் என்ற பேரத்தை நானே உடைத்துவிட்டேன். பேரம் பேச எனக்குத் தெரியாது, கடையிலும் அப்படித்தான்.

பயப்படாமல் இரு என்று எழுதமாட்டேன். பயந்துகொண்டு இரு, ஆனால் ரயில் நிலையத்துக்கு வந்து இரு.

அண்ணி


ஜூன் 18

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் ஊர் திரும்பிய மறுநாளே எழுத நினைத்தேன். ஆபரேஷன் செய்த பக்கம் கை சரியாகத் தூக்க வரவில்லை. தையல் பிரித்தாகிவிட்டது.

ரிப்போர்ட் முழுவதும் வந்துவிட்டது. பயாப்ஸியில் சொன்னதுதான், புற்றுநோய்தான். கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அக்குளில் எடுத்த நிணநீர் முடிச்சுகளில் ஒன்றில் மட்டும் இருக்கிறது. டாக்டர், "இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தீங்கன்னா நான் வேற மாதிரி பேசிகிட்டிருப்பேன்" என்றார். மருந்து ஏற்றுவது திங்கட்கிழமை ஆரம்பம். பரம்பரையாக வருகிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்திருக்கிறார்கள். முடிவு வர நாளாகும். வந்தால்தான் பாப்பாவைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும். அதுவும் எப்போது, எப்படி என்று நாம் மூவரும் உட்கார்ந்து பேசுவோம். அவள் இப்போது விளையாடட்டும்.

உங்களுக்குப் பதிலாக இங்கே வந்திருக்கிறவரைப் பற்றி எழுத வேண்டும். அண்ணனைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியுமா? இருப்பது ஒரே அறை. நான் புரண்டு படுத்தால், "என்ன?" இருமினால், "என்ன?" தண்ணீர் குடித்தால், "ஏன் இவ்வளவு குடிக்கற?" இதை நீங்கள் எப்படி இத்தனை நாள் தாங்கினீர்கள்! ஜன்னலுக்கு வெளியே சுவர், உள்ளே அண்ணன். நடுவில் நான் நசுங்குகிறேன்.

ஆனால் இதையும் எழுதிவிடுகிறேன். முந்தாநாள் கேட்டார். துணி மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "குருவி, உண்மையச் சொல்லு. சரியாயிடுமா?" என்றார். எனக்கு எண்கள் தெரியும். நூற்றில் இத்தனை பேர், ஐந்து வருடம், பத்து வருடம். எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. அம்மா விஷயத்தில் அதைச் சொல்லித்தானே இவரை இழந்தேன். "தெரியலண்ணா. சரியாகறதுக்கு நெறையவே வாய்ப்பு இருக்கு. ஆனா தெரியல" என்றேன். கத்துவார் என்று நினைத்தேன். "சரி" என்றார். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தார். "தெரியலன்னா தெரியலதானே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அடுத்த மாதமும் நிலையத்தில் எனக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்திருக்கிறார்கள். புரொபசர் பூங்கொத்து அனுப்பினார். அண்ணன் அதில் பூச்சி இருக்குமென்று வெளியே வைத்துவிட்டார்.

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? வீடு அமைதியாக இருக்குமே.

குருவி


ஜூலை 1

குருவிக்கு,

வீடு அமைதியாகத்தான் இருக்கிறது. மாமா பேப்பரை நேராகப் பிடித்துப் படிக்கிறார். பாப்பா கண்ணாடி முன்னால் நின்றால் இப்போது முகப்பருவைத்தான் கிள்ளுகிறாள். நான் எவ்வளவு நேரம் குளித்தாலும் கேட்க நாதியில்லை.

முதல் மருந்து உனக்கு எப்படி இருந்தது என்று உன் அண்ணன் ஃபோனில் விவரமாகச் சொன்னார். எத்தனை வாய் சாப்பிட்டாய், எத்தனை முறை வாந்தி, வாயில் புண் எங்கே என்று ஒன்று விடாமல். அவர் குரலில் பழைய படபடப்பு இல்லை. நிஜமான வேலை கிடைத்தவர் மாதிரி இருக்கிறார். அவரைத் திருப்பி அனுப்பாதே, அங்கேயே வைத்துக்கொள். முடி கொட்ட ஆரம்பித்தால் சொல். பாப்பா தன் தொப்பிகளையெல்லாம் எடுத்துக் கட்டிலில் பரப்பி, அத்தைக்கு எது என்று தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறாள். உனக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

எனக்கு நேற்று நான்காவது கட்டி. வலது பக்கம். யாரிடமும் சொல்லாமல் கடையில் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு நானே போனேன். டாக்டரம்மா ஸ்கேனில் பார்த்தார், ஊசியைப் போட்டார், தண்ணீர் வந்தது. இந்த முறை வெளிர் மஞ்சள். ஆராய்ச்சிக்கு அனுப்பலாமா என்றார்கள், அனுப்புங்கள் என்றேன். "கூட யாரும் வரலியா?" என்று நர்ஸ் கேட்டாள். "தண்ணி எடுக்கறதுக்கு என்ன ஊர்வலமா?" என்றேன். அவள் சிரித்தாள்.

சாயங்காலம் உன் அண்ணன் ஃபோன் செய்தபோது, "எனக்கு ஒண்ணு வந்துச்சு, எடுத்துட்டாங்க" என்றேன். "தண்ணிதானே?" என்றார். "தண்ணிதான்" என்றேன். "நல்லது" என்றார். அடுத்த வாக்கியம் உன்னைப் பற்றி, உனக்கு எந்தக் கஞ்சி ஒத்துக்கொள்கிறது என்பதைப் பற்றி.

எத்தனை மாதமாக இதைத்தானே கேட்டேன்! என்னை விடுங்கள், என்னைப் பார்க்காதீர்கள் என்று. விட்டுவிட்டார். ஃபோனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்றேன். பால் பொங்கி வழிகிறவரை நின்றேன். சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் எனக்கு அழுகை வந்தது. நீ இருக்கிற நிலைமையில் இதை உனக்கு எழுதுவது நியாயமே இல்லை. எழுதாமலும் முடியவில்லை. உன் எதிரே உட்கார்ந்து பயாப்ஸி ஊசியைப் பார்த்தவள் நான், உன் ஊசிக்கு முன்னால் இதெல்லாம் கொசுக்கடி என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஊசி குத்தின இடம் வலிக்கிறது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

உன்னிடம் சொல்கிறேன். வலிக்கிறது குருவி.

அண்ணி